முத்திரை உடையாத போத்தல்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் நின்ற மூன்று கிழமையும் என் மகளுக்கு வாங்கிய ஒவ்வொரு தண்ணீர்ப் போத்தலையும் நானே திறந்தேன். மூடியைத் திருகும்போது முத்திரை உடைகிற சின்னச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். சத்தம் வராவிட்டால் அந்தத் தண்ணீர் வாழை அடிக்குத்தான் போகும். கடைக்காரர்கள் வெறும் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி விற்கிறார்கள் என்று விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே ஒஸ்லோவுக்குத் திரும்பிப் பத்தாம் நாள் மதுராவுக்குக் காய்ச்சல் தொடங்கியபோது, தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் மாடிக் கட்டடத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் வருகிற கோடைக்கு ஊருக்குப் போகச் சீட்டு எடுத்திருக்கின்றன. சண்டை நின்றிருக்கிறது, பாதை திறந்திருக்கிறது, பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டவேண்டும் என்கிறார்கள். மின்தூக்கியில் என்னைக் கண்டால், "பிள்ளைக்கு என்ன நடந்தது, சாப்பாட்டாலையோ?" என்று கேட்கிறார்கள். நாலாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

மதுராவுக்குப் பதின்மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். முதல் நாள் தலையிடி என்று பள்ளியிலிருந்து பாதியில் வந்தாள். அடுத்த நாள் காய்ச்சல். எங்கள் குடும்ப வைத்தியர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். வைரஸ் என்றார். பரசிற்றமோல் குடித்துவிட்டு ஓய்வெடுக்கச் சொன்னார். ஊருக்குப் போய் வந்ததை நான் சொன்னபோது தலையை ஆட்டினார். ஆனால் கணினியில் எதையும் தட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

நான் இங்கே பேருந்து ஓட்டுகிறேன். வெளிநாடு வருமுன் யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞராக இருந்தேன். வீட்டுப் படங்கள், மதகுப் படங்கள், கிணற்றுப் படங்கள் எல்லாம் கீறியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கட்டத்தாள் ஒன்றை எடுத்து, மதுராவின் காய்ச்சலைக் காலையும் மாலையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். வைரஸ் காய்ச்சல் என்றால் ஏறும், இறங்கும். இது இறங்கவில்லை. ஒவ்வொரு மாலையும் முந்தின மாலையைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. ஐந்து நாளில் அந்தக் கோடு ஒரு படிக்கட்டுப்போல ஆகிவிட்டது.

"இது வைரஸ் இல்லை," என்றேன்.

"நீங்கள் எப்ப டொக்டருக்குப் படிச்சனீங்கள்?" என்றாள் என் மனைவி கலா. சொல்லிவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு மதுராவின் ஜாக்கெட்டை எடுத்துவந்தாள்.

அவசர சிகிச்சை நிலையத்தில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு நாலு மணித்தியாலம் இருந்தோம். மதுரா தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் முதலில் உள்ளே போனார்கள். ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் நான் அவர்களுடைய தலைமயிரின் நிறத்தைப் பார்த்தேன். இப்போது யோசித்தால் ஒருவருக்குக் கை உடைந்திருந்தது, ஒரு குழந்தைக்கு மூச்சு இழுத்தது. அப்போது எனக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது.

கடைசியில் பார்த்த வைத்தியப் பெண்ணிடம் கட்டத்தாளைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் பார்த்தார். "எங்கே போய் வந்தீர்கள்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் தொலைபேசியை எடுத்தார். அன்று மாலையே மதுராவைப் பெரிய மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள்.

அந்தப் பிரிவின் அறைகளுக்கு இரண்டு கதவுகள். வெளிக் கதவுக்கும் உட்கதவுக்கும் நடுவே ஒரு சிறிய இடம். அங்கே தாதிமார் மஞ்சள் மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு வருவார்கள், போகும்போது கழற்றிக் குப்பையில் போடுவார்கள். அறைக்குள்ளேயே மதுராவுக்கென்று தனிக் கழிப்பறை. எங்களை அதைப் பாவிக்க விடவில்லை. எங்களைத் தொடுவதற்கு அருவருக்கிறார்களோ என்று நினைத்தேன். கலாவிடம் சொன்னபோது, "பக்கத்து அறையிலை கிடக்கிறது வெள்ளைக் கிழவர். அவருக்கும் உந்த மஞ்சள் சட்டையோடைதான் போகினம். கண்ணைத் திறந்து பாருங்கோ," என்றாள்.

முதலில் மலேரியா இருக்கிறதா என்று விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். இல்லை. பிறகு கையிலிருந்து இரத்தம் எடுத்து, குழம்புபோன்ற ஒரு திரவம் இருந்த போத்தல்களில் விட்டார்கள். அந்தப் போத்தல்களைச் சூட்டில் வைத்தால், இரத்தத்தில் கிருமி இருந்தால் அது வளரும். வளர்ந்த பிறகுதான் அதன் பெயர் தெரியும். அதற்கு ஒன்றிரண்டு நாளாகும். காத்திருப்பது என்றால் என்னவென்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. ஆய்வுகூடத்தில் ஏதோ ஒரு சூட்டுப் பெட்டிக்குள் என் மகளின் இரத்தம் இருந்தது. அதற்குள் எது வளர்கிறது என்று தெரியாமல் நாங்கள் அறைக்குள் இருந்தோம்.

இளம் வைத்தியர் ஒருவர் மதுராவின் வயிற்றுக்குக் கிட்ட விளக்கைப் பிடித்து நெடுநேரம் தேடினார். இந்த நோய் என்றால் வயிற்றில் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரும் என்றார். "வெள்ளைத் தோலில் எனக்குத் தெரியும். உங்கள் மகளின் தோலில் பார்த்துப் பழக்கமில்லை," என்று ஒளிக்காமல் சொன்னார். தோலையே படிக்கத் தெரியாதவர் நோயை எப்படிப் படிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இன்று அந்த நேர்மைக்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும். அன்று கதவுவரை அவரை முறைத்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவரே வந்து பெயரைச் சொன்னார். நோர்வேஜிய மொழியிலும் அது ரைபோயிட்தான். கலா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நெருப்புக் காய்ச்சல்," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

வைத்தியர் விளக்கினார். இது மனிதனின் மலத்திலிருந்து இன்னொரு மனிதனின் வாய்க்குப் போகிற கிருமி. தண்ணீரில் போகலாம், சாப்பாட்டில் போகலாம். குடலுக்குள் புகுந்து இரத்தத்தில் கலக்கும். கவனிக்காவிட்டால் குடலில் புண் வந்து இரத்தம் கசியலாம், ஓட்டையும் விழலாம். அதனால்தான் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை வந்து வயிற்றை அமர்த்திப் பார்க்கிறார்கள். வயிறு பலகைபோல இறுகினால் உடனே சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு அவர்கள் அமர்த்தும்போது நான் வயிற்றைப் பார்க்கவில்லை, மதுராவின் முகத்தைத்தான் பார்த்தேன்.

எங்கள் நாட்டுப் பக்கத்துக் கிருமிக்கு வழக்கமான குளிசை சரியாக வேலை செய்யாது என்று நாளத்தில் மருந்து ஏற்றினார்கள். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, காய்ச்சல் குறையவில்லை. பிள்ளைகளுக்கு இங்கே மருத்துவமனையில் கட்டணம் இல்லை. அதுவே என்னை அரித்தது. காசு வாங்காமல் ஏற்றுகிற மருந்து நல்ல மருந்துதானா? தாதி இல்லாத நேரம் மருந்துப் பையில் ஒட்டியிருந்த பெயரைப் பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதி எடுத்து, தெரிந்த ஒரு மருந்தாளரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "சரியான மருந்துதான் அண்ணை. நாலைஞ்சு நாள் எடுக்கும். பேசாமல் இருங்கோ," என்றார். அவருக்கு மட்டும் என்ன தெரியும் என்று வைத்துவிட்டேன்.

கலா என்னைப்போல இல்லை. சுடுநீர்ப் போத்தலில் கஞ்சி கொண்டுவருவாள், உப்பு அளவாகப் போட்டு. மதுரா இரண்டு கரண்டி குடித்துவிட்டு, மருத்துவமனைப் பாண் துண்டில் நோர்வேக்காரரின் பழுப்புச் சீஸ் வைத்துத் தரச் சொல்வாள். கலாவுக்கு அந்தச் சீஸின் மணமே பிடிக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய துண்டுகளாகச் சீவிச் சீவி வைப்பாள்.

மூன்றாம் நாள் தொற்றுநோய்த் தடுப்புத் தாதி ஒருவர் படிவத்துடன் வந்தார். பெயர் இங்கர், என் வயதிருக்கும். கிருமி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. இங்கே வேறு யாருக்கும் பரவக்கூடாது, அங்கேயும் அதே இடத்திலிருந்து இன்னும் சிலருக்கு வரலாம் என்றார்.

முதல் கேள்வியே, போகுமுன் தடுப்பூசி போட்டீர்களா என்பது.

இல்லை. பிள்ளைகளின் சுகாதார நிலையத்தில் கேட்டார்கள்தான். "என் சொந்த ஊருக்குப் போக எனக்கு ஊசியா?" என்று சிரித்துவிட்டு வந்தேன். சுற்றுலாக்காரருக்குத்தான் அது என்று நினைத்தேன். மகள் சுற்றுலாக்காரி என்பது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு சாப்பாட்டுப் பட்டியல். நான் ஒரு குற்றப்பத்திரிகையே வாசித்தேன். நகரத்து ஐஸ்கிறீம் கடை. பேருந்து நிலையத்தில் வாங்கிய வடை. கொழும்பில் தங்கிய விடுதி. விமானத்துச் சாப்பாடு. கடைசியாக, நாங்கள் தங்கியிருந்த என் தங்கை சாந்தியின் சமையலறை. "தண்ணீர்?" என்று இங்கர் கேட்டார். "அது நிச்சயமாக இல்லை. எல்லாம் முத்திரை உடையாத போத்தல்," என்றேன் பெருமையாக.

அன்று பின்னேரம் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு மருத்துவமனை முற்றத்திலிருந்து எங்கள் ஊரான கோண்டாவிலுக்கு, சாந்திக்கு அழைப்பு எடுத்தேன்.

"சாந்தி, உண்மையைச் சொல்லு. நாங்கள் வாறதுக்கு முதல் வீட்டிலை ஆருக்கேன் வருத்தம் இருந்ததோ?"

"முதல்லை பிள்ளைக்கு எப்பிடி எண்டு சொல்லுங்கோ அண்ணை."

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு."

"இவருக்குச் சித்திரையிலை காய்ச்சல் வந்தது. நெருப்புக் காய்ச்சல் எண்டுதான் பெரியாஸ்பத்திரியிலை சொன்னவை. மாறீட்டுது அண்ணை."

"அதை ஏன் ஒளிச்சனீ?"

"சொல்லியிருந்தால் வந்திருப்பியளே? பதினாறு வரியத்துக்குப் பிறகு வாறியள்."

நான் அவளைப் பேசியதை இங்கே எழுத விரும்பவில்லை. உன் கையால் சாப்பிட்டதற்கு என் பிள்ளை இங்கே கிடக்கிறாள் என்பது அதில் குறைந்தபட்சம். அட்டை முடிவதற்கு முன்னமே நான் வைத்துவிட்டேன். குற்றவாளியைப் பிடித்துவிட்ட நிம்மதி இருந்தது. அதுவும் உண்மை.

மருந்து ஏற்றத் தொடங்கி ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. கட்டத்தாளில் முதல்முறை கோடு கீழே போனது. மதுரா எழுந்து உட்கார்ந்து, தன் டிஜிட்டல் கமராவைக் கேட்டாள். ஊரில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கர் மறுபடி வந்தார். இந்தமுறை என்னிடம் கேட்கவில்லை, மதுராவின் கட்டிலில் உட்கார்ந்து அவளிடம் கேட்டார்.

"பல் துலக்க எந்தத் தண்ணீர்?"

மதுரா என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில், என்னிடம் சொன்னாள்.

"அப்பா, கோபிக்கப்படாது. பாத்ரூமிலை ஸ்ப்ரிங்கிலை இருந்து குடிச்சனான்."

ஸ்ப்ரிங் என்றால் இங்கே குழாய். ஒஸ்லோவில் பிள்ளைகள் தாகம் எடுத்தால் குழாயைத் திறந்து வாயை வைத்துக் குடிப்பார்கள். யாரும் யோசிப்பதில்லை.

"எத்தனை தரம்?"

"ஒவ்வொரு நாளும். பல்லு மினுக்கேக்கை. போத்தில் தண்ணி சுடுதண்ணி மாதிரி இருந்தது. அது கூல். பிறகு அந்த பாத்ரூம்... எங்கடை மாதிரித்தானே இருந்தது? வெள்ளை மாபிள், கண்ணாடி எல்லாம். சேஃப் எண்டு நினைச்சன்."

எங்களுடையது மாதிரித்தான் இருந்தது. ஏனென்றால் அதை அப்படிக் கட்டச் சொன்னவன் நான்.

சாந்தி வீட்டில் கழிப்பறை வளவின் கோடியில் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளை அவ்வளவு தூரம் நடந்து அதற்குப் போகமாட்டாள் என்று, போவதற்கு முந்தின தையிலேயே ஒரு குளியலறைக்குப் படம் கீறி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். வீட்டோடு சேர்ந்த அறை, வெள்ளை மாபிள், கூரையில் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பும் தண்ணீர்த் தாங்கி, பின்புறம் மலக்குழி. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுடன் போகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒன்றைக் கட்டுவிக்கிறார்கள். எனக்கு இரட்டைப் பெருமை, படத்தையும் நானே கீறியதால். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பது என் பழைய வேலையில் மனப்பாடம். படத்திலும் அதை அம்புக்குறி போட்டு எழுதியிருந்தேன்.

மதுராவின் கமராவை வாங்கினேன். படங்களைத் தள்ளித் தள்ளிப் போனேன். ஒரு படத்தில் அவள் கிணற்றடியில் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். சுவரின் அடியில் குரோட்டன் சாடிகள். சாடிகளுக்கு நடுவே குழியின் காற்றுக் குழாய் நீட்டிக்கொண்டு நின்றது.

கிணற்றுக் கட்டின் அகலத்தை அளவுகோலாக வைத்து, கமராவின் சின்னத் திரையில் நகத்தால் அளந்தேன். ஐந்து எட்டு வைத்து நடக்கிற தூரம்கூட இல்லை.

நான் படத்தில் குறித்த கிணறு இது அல்ல. நான் குறித்தது வளவின் மேற்குப் பக்கத்துப் பழைய கிணறு. அது எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மூன்று கிழமை அந்தப் புதிய கிணற்றில் நானும் குளித்தேன். அந்தக் குளியலறையில் நின்று மாபிளைத் தடவிப் பார்த்தேன். ஒரு தரம்கூடச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. போத்தல் மூடிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் மண் மேலே கொஞ்சம்தான், கீழே சுண்ணாம்புக்கல். கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். அடர்ந்த மண் என்றால் அழுக்கைக் கொஞ்சமாவது பிடித்து வைக்கும். இந்தக் கல்லில் குழிக்குள் போவது வெடிப்பு வழியே நேராகத் தண்ணீருக்குப் போய்விடும். கிணற்றைவிட்டால் எங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. ஆறு இல்லை, ஏரி இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. இந்தத் தூர விதியை எத்தனையோ பேருடைய படங்களில் நான் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

இங்கரிடம் படத்தைக் காட்டி, சாந்தியின் கணவருக்கு வந்த காய்ச்சலையும் சொன்னேன். காய்ச்சல் மாறிய பிறகும் சிலருடைய மலத்தில் கிருமி மாதக்கணக்கில் போகும் என்றார். "ஆனால் உறுதியாகச் சொல்லமுடியாது. வடையாகவும் இருக்கலாம்." அந்த வடையைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன்.

மறுநாள் சாந்திக்கு எடுத்தேன்.

"அந்தப் புதுக் கிணறு எப்ப வெட்டினது?"

"இடம்பெயர்ந்து திரும்பி வந்த வரியம். பழங்கிணத்துக்குள்ளை என்ன கிடந்ததெண்டு ஆருக்குத் தெரியும், அதுதான் மூடினது. உங்களுக்குச் சொன்னனான் அண்ணை."

சொல்லியிருப்பாள். தொலைபேசி அட்டை ஓடிக்கொண்டிருக்கும், நான் வேறு ஏதோ கேட்க அவசரப்பட்டிருப்பேன்.

"குழி வெட்டேக்கை மேசன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர். 'தங்கச்சி, இது கிணத்துக்குக் கிட்ட, அங்காலை தள்ளுவம்' எண்டவர். நான்தான் விடேல்லை. அண்ணை நோர்வேயிலை இருந்து கீறி அனுப்பினது, அவர் இந்த வேலையே செய்தவர், ஒரு அடியும் மாத்தப்படாது எண்டு போட்டன்."

"அண்டைக்கு நான் உன்னை அவ்வளவு பேசேக்கை ஏன் இதைச் சொல்லேல்லை?"

"அண்டைக்கு எனக்கும் தெரியாது. நீங்கள் போனை வைச்சாப் பிறகுதான் போய்ப் பார்த்தனான். பார்த்தோடனை விளங்கீட்டுது."

"பிறகு எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

"பிள்ளை ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை இதையும் உங்கடை தலையிலை தூக்கிப் போடுறதே, அண்ணை?"

அவள் அன்றே குளியலறையைப் பூட்டிவிட்டிருந்தாள். சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து காட்டியிருந்தாள். அவர் தண்ணீரை அனுப்பிச் சோதித்து, மலக்கிருமி இருக்கிறது என்று சொல்லி, கிணற்றுக்குக் குளோரின் போட்டார். வீட்டில் எல்லோரும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறார்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் இல்லை. இதையெல்லாம் நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். மன்னித்துக்கொள் என்பது வாய்வரை வந்தது. "போன் காட் முடியப்போகுது அண்ணை, பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கினம்?" என்று அவளே பேச்சை மாற்றிவிட்டாள். பழுப்புச் சீஸ் என்றேன். "அதென்ன கோதாரி?" என்றாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மதுரா வீட்டுக்கு வந்தாள். உடுப்பு எல்லாம் தொளதொளவென்று இருந்தது. கிருமி முழுதாகப் போய்விட்டதா என்று பிறகும் மூன்று தரம் மலப் பரிசோதனை செய்தார்கள். மூன்றும் சுத்தம். மூன்றாவது கடிதம் வந்த பிறகும், அது வேறு பிள்ளையின் முடிவோ என்று மருத்துவமனைக்கு எடுத்துப் பிறந்த தேதியைச் சரிபார்த்தேன். இன்றும் வீட்டுக் குழாயைத் திறந்தால் ஒரு கணம் முகர்ந்து பார்க்கிறேன். மதுரா கண்டால் கண்ணை உருட்டிவிட்டு, என் முன்னாலேயே வாயை வைத்து மடமடவென்று குடிக்கிறாள்.

கார்த்திகையில் சாந்தியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே பிள்ளையின் கொப்பியிலிருந்து கிழித்த தாள். புதிய குழிக்கு அவளே கீறிய படம். கோடுகள் நேராக இல்லை, வீடு வளவைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் தாளின் நடுவில் கிணறு இருந்தது. பேனையால் பலமுறை சுற்றிச் சுற்றி, தாள் கிழியுமளவுக்கு அழுத்திக் கீறியிருந்தாள். மற்ற எல்லாவற்றின் தூரமும் அதிலிருந்துதான், கயிறு பிடித்து அளந்து, அடிக் கணக்கில் எழுதியிருந்தது. குழி வளவின் கோடியில் வேலியோரத்துக்குப் போயிருந்தது. அடியில், "பிழை இருந்தால் சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் சொன்னால்தான் தொடங்குவன்."

கோடு கீறும் அடிமட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்தேன். தூரங்களைக் கூட்டிப் பார்த்தேன். எங்கோ ஒரு பிழை இருக்கத்தான் வேண்டும் என்று மறுபடியும் கூட்டினேன். இல்லை. பக்கத்து வளவுக்காரரின் கிணறு எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்தத் தாளில் இல்லை. அது எனக்கும் தெரியாது. இங்கிருந்து எனக்குத் தெரியவும் வராது.

அவளுடைய கேள்விக்குக் கீழே ஒரு வரி எழுதி, அதே தாளைத் திருப்பி அனுப்பினேன். மேசனைக் கூப்பிட்டுக் காட்டு, அவர் தள்ளச் சொன்னால் தள்ளு, என்னைக் கேட்காதே.